குழாயடியில் கொடுத்த நற்சான்று

5-7-93, திங்கள்

இன்று காலை, கையில் காலி வாளியுடன், வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முடிவொன்று எடுத்தேன்: பக்கத்து குவார்ட்டர்ஸ் பெருமாள் கேட்டால் பதில் சொல்லிவிடுவது.

"எம் பையனப் பத்தி இன்னா சார் கண்டுபுட்ச்சீங்க?"

"நல்ல பையன் சார்."

உண்மைதான். பீடி கூடத் தெரியாதவன். வரிசையில் முன்னே விட்டார், ஒரு வாளி தண்ணீர் கிடைத்தது. வெயில்.

ஆவடிப் பையன்களின் போதைப் பழக்கம் பற்றிய எங்கள் ஆய்வுக்கு டாக்டரம்மா போட்டது ஒரே விதி. பையன் பற்றித் தகப்பனிடம் பேசக்கூடாது, நல்லதும் கெட்டதும். நல்லது ஏன் கூடாது என்று நான் கேட்கவில்லை.

7-7-93, புதன்

பெருமாள் ஃபேக்டரியில் தன் ஷிப்ட் முழுக்கச் சொல்லிவிட்டார். மேலும் இரண்டு தகப்பன்கள் வந்தார்கள். இருவருக்கும் 'நல்ல பையன்'. அதுவும் உண்மை.

வாங்க: கொசுவர்த்தி, சொட்டு நீலம், ரீஃபில்.

மாலை, பையன்களைப் பேட்டி காணும் மன்றத்து அறையில் குமார். ஃபிட்டர் தங்கவேலுவின் மகன், பதினாறு வயது. ஒரு வருடமாகப் போதைக்குப் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் முகர்கிறான்.

"உட்ரலாம்னுதான் பாக்கறேன் சார். முடில. எங்க நைனாக்கு மட்டும் தெரியக்கூடாது. இஸ்கூல உட்டே நிறுத்திடும்."

"தெரியாது" என்றேன். சனிக்கிழமை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போகிறேன். பஸ் ஸ்டாண்டில் சந்திப்பு. இந்த வேலையால் முதன்முறையாக ஒருவனுக்குப் பயன்.

8-7-93, வியாழன்

தங்கவேலு. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"எம் பையன் எப்படிங்க சார்?"

'நல்ல பையன்' தொண்டை வரை வந்தது. விட நினைக்கிறவன் நல்ல பையன்தான், பொய்யாகியிருக்காது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"யாரப் பத்தியும் சொல்லக்கூடாதுங்க. ரூல்."

"பெருமாளுக்குச் சொன்னீங்களே."

மின்விசிறியைப் பார்த்தேன். கரண்ட் இல்லை, அது சும்மா இருந்தது. அவர் செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போனார். பழம் இங்கே.

9-7-93, வெள்ளி

தலைவலி. பேச ஒரு பையனும் வரவில்லை. தங்கவேலு வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது. போய்த் தட்டினால் சந்தேகம் உறுதி. தட்டாவிட்டாலும் உறுதி. தெருமுனை வரை போய்த் திரும்பினேன். பழம் கறுத்துவிட்டது.

10-7-93, சனி

பஸ் ஸ்டாண்டில் பூந்தமல்லி வண்டிகள் வந்து வந்து போயின. குமார் இல்லை. பெருமாள் சைக்கிளை நிறுத்தினார்.

"சேதி தெரியுமா சார்? தங்கவேலு பையன ராத்திரியே சேலத்துக்கு ரயிலேத்திட்டாரு. படிச்சது போதும்னுட்டாராம். இனிமே மாமா ஊடு, மாமா கடை. ஆனா எம் பையனப் பாருங்க, நீங்களே சொன்னீங்கல்ல."

குமாரின் மாமா வைத்திருப்பது லாரி பஞ்சர் கடை.