சேற்றில் மாட்டிய காட்டெருமைக் கன்று

மச்சான்,

இன்று எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசைகட்டி நின்றதில் எங்கள் ஷிஃப்ட் பஸ்ஸும் மாட்டிக்கொண்டது. ஜன்னல் வழியே புழுதியும் டீசல் புகையும் சேர்ந்து வந்தன. கென்யாவில் நம்மைக் காடு பார்க்க ஏற்றிப்போன வண்டியில் அடித்த அதே நாற்றம். மூக்கைப் பொத்தாமல் உட்கார்ந்திருந்தேன்.

கும்மிடிப்பூண்டி இரும்பு ரோலிங் மில்லிலிருந்து கென்யா மில் ஒன்றுக்கு ஒப்பந்தத்தில் போயிருந்தோம், நீயும் உன் தங்கச்சியைக் கட்டிய நானும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனியே கூட்டிப்போனது. நீ வழிக்கென்று புளிச்சோறும் ஊரிலிருந்து கொண்டுவந்த நெத்திலிக் கருவாடும் கட்டிக்கொண்டாய். பொட்டலத்தைப் பிரித்ததும், பக்கத்தில் ஏதோ செத்துக் கிடக்கிறதென்று டிரைவர் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தான்.

"சிங்கம் வந்தா இவனத்தான் மொதல்ல துன்னும் மச்சான். நம்மள மோந்து பாத்துட்டு ஓடிப்பூடும்" என்றாய்.

யானை பார்த்தோம், வரிக்குதிரை பார்த்தோம். சொல்ல வந்தது அதில்லை.

சாயங்காலம், வற்றிய குட்டை ஒன்று. நடுச்சேற்றில் காட்டெருமைக் கன்று வயிறுவரை புதைந்து கிடந்தது. கரையில் தாய். கன்று உதைக்க உதைக்க இன்னும் கீழே போனது. பழவேற்காட்டு ஏரியில் வலை இழுத்து வளர்ந்தவன் நீ. சேற்றில் சிக்கினால் என்ன செய்யணும் என்று உனக்குத் தெரியும். திறந்த கூரை வழியே எழும்பி நின்று, அதனிடம் தமிழில் கத்தினாய்.

"ஒதைக்காதடா! ஒருக்களிச்சிப் படு! படுத்துக்கினே ஒவ்வொரு காலா உருவு!"

டிரைவர் சிரித்தான். நீ கயிறு கேட்டதும் சிரிப்பை நிறுத்தினான். இறங்கக்கூடாது, எதையும் தொடக்கூடாது, காப்பாற்றவும் கூடாது, இங்கே அதுதான் சட்டம் என்றான். அவன் இங்கிலீஷில் சொன்னதை நான்தான் உனக்குச் சொன்னேன்.

"இன்னா சட்டம் இது? சாவறத வேடிக்க பாக்கவா வந்தோம்?"

"தாய் முட்டித் தூக்கிடும். உக்காரு மச்சான்."

"அஞ்சு நிமிசம்டா. ஒரு பலக இருந்தாப் போதும்."

ஒரு காலை வெளியே போட்டுவிட்டாய். நான் உன் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். ஆறு மணிக்குள் கேட்டைத் தாண்டணும் என்று டிரைவர் வண்டியைக் கிளப்பினான். கன்று கத்தியது கொஞ்ச தூரத்துக்குக் கேட்டது.

ஒரு வாரம் நீ சரியாகச் சாப்பிடவில்லை. அது ஏறியிருக்குமா, ஏறியிருக்குமா என்று அதே கேள்வி. பார்க்கமுடியாமல் ஒருநாள், "ஏறிடிச்சாம். டிரைவர் போன்ல சொன்னான்" என்றேன். அன்று இரண்டு தட்டு சோறு தின்றாய்.

ஊர் திரும்பி, போன மழைக்கு நுரையீரலில் நீர் கோத்துப் பொன்னேரி ஆஸ்பத்திரியில் கிடந்தாய். இனி செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். உன் தங்கச்சி கஞ்சி வாங்கப் போயிருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாய்.

"மச்சான், அந்தக் கன்னுக்குட்டி நெசமாவே ஏறிச்சா?"

"ஏறிச்சி."

"ஒருக்களிச்சிப் படுத்துச்சா?"

"நீ சொன்ன மாதிரியே படுத்துச்சாம். தாயோட போயிடிச்சாம்."

தலையை ஆட்டினாய். மறுநாள் நீ இல்லை.

அந்த வாரம் டிரைவருக்கு நான் போன் செய்தது நிஜம்தான் மச்சான். கன்று என்ன ஆனது என்று கேட்டேன். எந்தக் கன்று என்று கேட்டான். என்ன அடையாளம் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.