ஒற்றைப் பிள்ளைகள்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மேல்காற்று. கண்ணெல்லாம் நிலக்கரித் தூள். துறைமுகத்துக்கும் ஆபீசுக்குமாக அலைச்சல். நிலக்கரிக் கப்பலின் இரண்டாம் அதிகாரி லின், சீனாக்காரர், உடனே ஊருக்குப் போக வேண்டும் என்கிறார். அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிவு. அப்பா இல்லை. கூடப்பிறந்தவர்களும் இல்லை. பதில் ஆள் வராமல் அவரை இறக்கமாட்டாராம் கேப்டன். கப்பல் ஏஜென்ட் ஆபீசில் இந்த வேலை என் தலையில்.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் சார்லஸ், "சிங்கப்பூர் வேலை கெடச்சிட்டு. வெள்ளிக்குள்ள பதில் சொல்லணும். ரெண்டு பேரும் போயிருவோம்" என்கிறார். சந்தோஷம்தான். உட்கார முடியவில்லை. என் அப்பா அம்மா சாயர்புரத்தில், அவருடையவர்கள் நாசரேத்தில். நானும் ஒற்றை, அவரும் ஒற்றை.

ஜூன் 11, புதன்

பதில் ஆள் நாளை வருகிறார். அப்பாடா. கேஸ் சிலிண்டர் புக் பண்ண மறந்துவிட்டேன்.

அப்பாவுக்கு போன். சிங்கப்பூர் என்றதும், "போங்க, எங்களுக்கு என்னளா?" என்றார். ஏன் ஒன்றோடு நிறுத்தினீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"அப்ப செவுத்துக்குச் செவுரு 'நாம் இருவர் நமக்கு ஒருவர்'னுதான எழுதிப் போட்டிருந்தான். நானே கிளாஸ்ல சொல்லிக் குடுத்தேன். இப்பவும் தப்புன்னு சொல்லமாட்டேன். ஒன்னைய நல்லாப் படிக்க வச்சோம்லா?"

பின்னால் அம்மா, "அவ எங்க இருந்தாலும் போன் பண்ணுவால்லா." அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை.

ஜூன் 12, வியாழன்

லினை ஏர்போர்ட்டில் விட்டேன். வழியெல்லாம் பேச்சு. அவர் ஊரில் முன்பெல்லாம் ஒரு பிள்ளைக்கு மேல் பெற்றால் அபராதமாம். அவர் படித்த பள்ளிக்கூடத்தில் சேரப் பிள்ளைகள் இல்லை. இப்போது அது முதியோர் இல்லம். மூன்று பெறச் சொல்கிறது அதே அரசாங்கம். "என் மனைவி சிரிக்கிறாள்" என்றார். அவர் சிரிக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

லின் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவர் அம்மா இறந்தாராம். ஒரு வரிச் செய்தி.

"நீங்க வேணா போங்க. நான் இங்கன இருக்கேன்" என்றேன். சார்லஸ் வெகுநேரம் மொட்டைமாடியில் நடந்தார். இறங்கி வந்து, வரவில்லை என்று மெயில் போட்டுவிட்டார். நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை.

சாப்பிடும்போது கேட்டார், "நமக்கு ஒண்ணு வேண்டாமா?"

"ஒண்ணுன்னா வேண்டாம். பெத்தா ரெண்டு."

"வயசான நாலு பேரையும் பாத்துக்கிட்டு ரெண்டையும் எப்பிடி வளப்போம்?"

அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.