வெள்ளைக்காலியின் மடி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பாதி நலம் என்று வைத்துக்கொள், நீயும் மருமகளும் முழு நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பசு வெள்ளைக்காலியை விற்றுவிட்டோம். பட்டென்று சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதே, சுற்றி வளைத்தாலும் அதுதான். நம் கறவை மெஷின் உன்னைவிட மூத்தது, காற்றை எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் முள் செத்துப்போய் எந்தக் காலமோ ஆகிறது, ஆனால் அப்பாவுக்கு முள்ளே வேண்டாம், பால்வாளி மூடிமேல் இருக்கிற சின்னப் பெட்டி டக் டக் என்று அடிப்பதைக் கேட்டே எல்லாம் சொல்லிவிடுவார். அது அடித்தால்தான் மெஷின் காம்பை இழுத்து, விட்டு, இழுத்துக் கறக்கும், நின்றுவிட்டால் விடாமல் ஒரே இழுப்புத்தான். மழைக்காலத்தில் என் முழங்கால் மக்கர் பண்ணியதிலிருந்து நான் கொட்டகைப் பக்கமே போகவில்லை, அவர் தனியாகத்தான் கறந்தார். வெள்ளைக்காலி உதைக்க ஆரம்பித்தாள், வாளியைத் தள்ளினாள், 'வயசாக ஆகத் திமிரு கூடுது இவளுக்கு, உன்னை மாதிரியே' என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். பிறகு பாலில் ரத்தம் வந்தது. மாட்டு டாக்டர் வந்து கறந்து காட்டச் சொன்னார், நானும் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். மோட்டார் ஓடுகிறது, பெட்டியில் சத்தமே இல்லை. 'பெட்டி அடிக்கவே இல்லையே, கவனிக்கலையா?' என்று டாக்டர் கத்தினார். அப்பா அதன் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, 'நல்லாத்தானே அடிக்குது' என்றார். நான்தான் எட்டி மோட்டாரை நிறுத்தினேன். இரண்டு காம்பு போய்விட்டது, மடி கல்லாகிவிட்டது, அவளை ஏற்றிப் போன அன்று அப்பா சாப்பிடவில்லை. பெட்டிக்குப் புது ரப்பர் போட்டாயிற்று, இப்போது முழங்காலைக் கட்டிக்கொண்டு நானும் கறவைக்குப் போய் நிற்கிறேன்.

அப்பாவுக்கு உன்மேல் ஏதோ கோபம், போனை வாங்கியதுமே அம்மாவிடம் கொடுத்துவிடுகிறார் என்று அக்காவிடம் வருத்தப்பட்டாயாம். நானும் அப்படித்தான் நினைத்து அவரை எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். டாக்டர் போனபிறகுதான் எனக்கு உறைத்தது, நேற்று சாப்பாடு போடும்போது அவர் காதோரம் போய்க் கேட்டேவிட்டேன். 'அவன் குரலே எழும்பலடி, உடம்புக்கு என்னமோ பெருசா இருக்கு, நம்மகிட்ட மறைக்கிறான். நான் பேசினா உடைஞ்சுபோயிடுவேன்னுதான் உன்கிட்ட கொடுத்துடறேன்' என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். உன் குரல் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன், ஒப்புக்கொள்ளவில்லை. எப்படி ஒப்புக்கொள்வார், ஒப்புக்கொண்டால் வெள்ளைக்காலியின் மடி யாரால் கெட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டுமே.

வேளைக்குச் சாப்பிடுங்கள், இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழுங்கள். இனி அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, கண் நன்றாகத் தெரிகிறது அவருக்கு. காதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாதே, அதை நான் மெதுவாகப் பார்த்துக்கொள்கிறேன். 'அப்பா, எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை' என்று முதல் வரியிலேயே எழுதிவிடு.

என்றும் உன் நினைவாக,
அம்மா