உன் பாட்டில் நிற்கிறது

உன் ஸ்டீல் பாட்டில் என் மேசைமேல் நிற்கிறது. விழுப்புரத்தில் நான் நடத்தும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு வரும் உன் மகள் மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கழுத்தடி நசுங்கலை எனக்குத் தெரியாதா? நீ போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பிவிட்டது. என் வயிற்றெரிச்சல்தான் போகவில்லை.

திண்டிவனத்துக்குப் பாசஞ்சரில் போனோமே, அந்த நாள். பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு இங்கிலீஷ் டீச்சர் வேலை. நாம் இருவரும் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். எந்தப் பொருள் எங்கே நிற்கிறது, எது எங்கே படுத்திருக்கிறது என்று இங்கிலீஷில் சொல்வதுதான் பாடம். இந்த வேலை கிடைத்தால், எங்கள் ஊர் காணையில் கரும்பு வெட்டிக்கொண்டிருக்கும் அம்மாவை வீட்டில் உட்காரவைத்துவிடுவேன் என்று உன்னிடம்தான் சொன்னேன். "பாட்டில் ஸ்டாண்டிங், புஸ்தகம் லையிங். சரிதானே?" என்றும் கேட்டேன்.

"அய்ய, பாட்டிலுக்கு இன்னா காலா கீது? உசுரு இல்லாததுக்கெல்லாம் லையிங்தான். மாத்திச் சொல்லிக்கினு நிக்காத, மானம் போயிடும்," என்றாய். கான்வென்ட்டில் படித்தவள். நம்பித் தொலைத்தேன்.

வகுப்பில் மேசைமேல் இதே பாட்டிலை நீதான் எடுத்து வைத்தாய். "லையிங்" என்றேன். மூலையில் இருந்த பீரோவையும் "லையிங்" என்றேன். "பீரோ எப்பம்மா விழுந்துச்சு? யாருக்காவது அடி பட்டுச்சா?" என்றார் பிரின்சிபால். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். அடுத்து நீ போனாய். உன் வாயில் பாட்டில் நின்றது, பீரோ நின்றது, புத்தகம் மட்டும் படுத்தது. வேலை உனக்கு. திரும்பும்போது ரயிலில் கடலைக்காரனிடம் மல்லாட்டை வாங்கிக் கொடுத்தாய். அதையும் தின்றேனே! என் அம்மா கடைசிவரை கரும்புதான் வெட்டினாள்.

நாளை உன் மகளுக்குத் திண்டிவனத்தில் இன்டர்வியூ. ஒரு படத்தைக் காட்டி, எது எங்கே இருக்கிறது என்று கேட்பார்களாம். உன் பாட்டிலைக் காட்டிக் கேட்டேன்.

"லையிங், மேடம்."

'சரி' என்று சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், இனித்தது.

சொல்லவில்லை. இரக்கம் என்று நினைத்துக்கொள்ளாதே. பாட்டிலை நிறுத்தியும் சாய்த்தும் காட்டி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பாத அளவுக்கு அவளைப் பழக்கினேன். "எங்கம்மாகூட இவ்ளோ பொறுமையா சொல்லிக் குடுத்ததில்ல மேடம்," என்றாள்.

"உங்கம்மா எனக்கே சொல்லிக் குடுத்தவம்மா," என்று ஆரம்பித்து ரயில், பீரோ, மல்லாட்டை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் முகம் செத்துப்போனது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள், பாட்டிலை எடுக்கவில்லை. வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேலை கெடச்சா மொதல்ல உங்ககிட்டதான் மேடம் வந்து சொல்லுவேன்," என்றாள்.

கிடைக்கும். சரியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஸ்வீட் பாக்ஸ் முதலில் எனக்கு, அப்புறம்தான் உன் படத்துக்கு. மாலையோடு சுவரில் தொங்கிக்கொண்டே பார், அடிப் பாவி.