பன்றி தொடாத மரவள்ளி

சிடாம் கிரி
1944, ஆவணி 9

என் பிரியமுள்ள தங்கை நவமணிக்கு அக்கா பிச்சையம்மாள் எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகள் இரண்டும் காய்ச்சல் இல்லாமல் இருக்க மாரியாத்தாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் இருக்கிறேன். இருளப்பன் அண்ணன் மாட்டு வண்டியோடு உங்கள் கரங்கான் பக்கம் வருகிறாராம், அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். வாத்தியார் வீட்டில் கெஞ்சி வாங்கிய தாள் இது ஒன்றுதான், அதனால் பொடி எழுத்தாக எழுதுகிறேன்.

முதலில் இதைப் படி. உங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஆற்றோரம் நிற்கிற மரவள்ளியில் குச்சி சும்மாவே வெட்டிக்கொள்ளச் சொன்னார்கள், பன்றிகூடத் தொடாத நல்ல சாதி என்று சந்தோஷமாக எழுதியிருந்தாயே, அந்தக் குச்சியை நடாதே. நட்டிருந்தால் பிடுங்கிப் போடு. தளிர் விட்டிருந்தாலும் பாவம் பார்க்காதே. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். எடுத்த எடுப்பில் அதை எழுதக் கை வரவில்லை.

நீ கேட்ட மற்றதுக்கெல்லாம் பதில் சொல்கிறேன். குச்சி கட்டைவிரல் பருமன் இருக்க வேண்டும். நுனி வேண்டாம், அடிக்கட்டையும் வேண்டாம், நடுத்தண்டுதான் நன்றாகப் பிடிக்கும். நகத்தால் கீறினால் பால் கசிய வேண்டும். காய்ந்ததை யார் கொடுத்தாலும் அடுப்புக்குத்தான் ஆகும். ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கு, கணு ஐந்தாறு இருக்கட்டும். கண் மேலே பார்க்கும்படி சாய்த்து நடு. தலைகீழாக நட்டுவிட்டு முளைக்கவில்லை என்று எனக்கு இன்னொரு கடிதம் போடாதே, நீ செய்யக்கூடியவள்தான்.

தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தாய். மரவள்ளிக்கு மாப்பிள்ளை உபசாரம் ஒன்றும் வேண்டாம். வேர் பிடிக்கும் வரை மண் ஈரமாக இருந்தால் போதும். தண்ணீர் தேங்கினால்தான் கிழங்கு அழுகும், அதனால் மண்ணை மேடாகக் கூட்டி நடு. இரண்டு மாதம் வரை புல்லைப் பிடுங்கிக்கொண்டே இரு. அடுப்புச் சாம்பலைக் கொட்டு. எட்டு ஒன்பது மாதத்தில் கிழங்கு இறங்கிவிடும். அதற்குள் அவசரப்பட்டுத் தோண்டினால் விரல் விரலாக வேர்தான் வரும்.

இங்கே ரப்பர் பால்மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு ஆமணக்கு போடச் சொல்கிறான் ஜப்பான்காரன். இடுப்பு ஒடிகிறது. அரிசி கொடுப்பதாகச் சொல்லி வரிசையில் நிற்க வைக்கிறார்கள், பாதிப் பேர் வெறும் பையோடு திரும்புகிறோம். உடுத்த கோணிச்சாக்குதான். என் கூறைச் சேலை என்ன ஆனது என்று கேட்பாய். அதைத்தான் திகாம் பத்து பாசாரில் கொடுத்துப் போன ஐப்பசியில் ஒரு கட்டு மரவள்ளிக் குச்சி வாங்கினேன்.

விற்றவர் ஒரு கிழவர். பன்றி இதைத் தொடவே தொடாது என்றார். எங்கள் லயத்தில் அப்போது பன்றித் தொல்லை சொல்லி முடியாது. குழி குழியாகக் கிளறிப் போட்டுவிட்டுப் போகும், பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுவார்கள். வேறு ஒன்றும் கேட்காமல் வாங்கி வந்துவிட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. பக்கத்துத் தோட்டத்தையெல்லாம் துவம்சம் செய்த பன்றிகள் என் பாத்தி வரை வந்து, மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. முனியாண்டி சாமி எல்லையில் காவல் நிற்கிறார், சயாமுக்குப் போன என் மனுஷனின் குடும்பத்தைப் பார்த்துக்கொள்கிறார் என்று நான் பெருமை பேசினேன். கற்பூரம் கிடைக்காததால் வேலியோரம் ரப்பர் விதையைக் கொளுத்தி வைத்துக் கும்பிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அம்சவள்ளிக்கு விழுந்த முன்பல் திரும்ப முளைத்துவிட்டதா என்று கேட்டிருந்தாய். இரண்டும் முளைத்துவிட்டன. நவமணி, ஆடி பதினெட்டாம் நாள் பிள்ளை செத்துப் போய்விட்டாள்.

அன்று காலையில்தான் முதல் கிழங்கைத் தோண்டினேன். கை பருமன், வெள்ளை வெளேரென்று இருந்தது. உரித்து, மூடி போட்டு வேகவைத்தேன். இருந்த பசியில் அவளால் ஆறும் வரைகூடப் பொறுக்க முடியவில்லை. பெரிய துண்டுகளை அவள் தட்டில் வைத்தேன், எனக்கு நுனி இரண்டுதான். கசக்குதும்மா என்று சொன்னாள். நான்தான் அதட்டினேன். ஊரே இதுகூட இல்லாமல் கிடக்கு, உனக்கு ருசி கேக்குதா, வாயை மூடிக்கிட்டுத் தின்னு என்றேன். பிள்ளை மறுபேச்சு பேசாமல் தின்று முடித்தாள்.

பத்து மணி வாக்கில் தலை சுத்துது என்றாள். அப்புறம் வாந்தி. எனக்கும் வந்தது, நான் பெரிய உடம்பு, தாங்கிக்கொண்டேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்தும் இல்லை, ஆளும் இல்லை. உச்சிப்பொழுது தாண்டவில்லை.

பக்கத்து வீட்டு மருதம்மாள் அக்கா வந்து கிழங்கைக் கையில் எடுத்துப் பார்த்ததும் மார்பில் அடித்துக்கொண்டாள். அது மாவுக்குப் போடுகிற கசப்புச் சாதியாம், அப்படியே வேகவைத்துத் தின்றால் விஷமாம். துருவி, மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, பிழிந்து காயவைத்துத்தான் சாப்பிட வேண்டுமாம். பன்றிக்கு மூக்கு இருக்கிறது, அதனால்தான் ஒதுங்கிப் போகிறது என்றாள். இலைக்காம்பின் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று இப்போது ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதையும் நம்பாதே. பன்றி கிளறிப்போட்ட தோட்டம் எது என்று விசாரித்துப் போ. அதன் பல் பட்ட கிழங்கைக் கண்ணால் பார்த்துவிட்டு, அந்தச் செடியின் குச்சியைக் கேட்டு வாங்கு. உன் பிள்ளைகள் கசக்கிறது என்று சொன்னால் தட்டைப் பிடுங்கிவிடு. அதட்டாதே.

உன் மாமா சயாமுக்கு ரயில் பாதை போடப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை. லாரியில் ஏறும்போது பிள்ளையைப் பார்த்துக்கோ என்று ஒன்றுதான் சொல்லிவிட்டுப் போனார். யாராவது தப்பி வந்து அவரைப் பற்றிச் சொன்னால் எனக்குத் தெரியப்படுத்து. அவரே வந்து நின்றால் நீ எதுவும் சொல்லிவிடாதே. நான் என் வாயால் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. எவ்வளவு நல்ல குச்சியாகப் பார்த்து நட்டாலும், உன் தோட்டத்தில் முதல் கிழங்கு தோண்டும் அன்று எனக்குச் சொல்லி அனுப்பு. வண்டி கிடைக்காவிட்டாலும் நடந்தே வந்துவிடுவேன். அதை நான் தின்கிறேன். ஒரு பகல் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிரு. எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் பிள்ளைகளுக்குக் கொடு. நீ முதலில் தின்று பார்க்காதே அம்மா, உன் மடியில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

உன் பிள்ளைகள் நூறு வயது வாழட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
பிச்சையம்மாள்