செல்வியின் கழுத்திலிருந்த அட்டை

நவ. 4, திங்கள்

விடியலிலிருந்து தூறல். வெட்கக்கேட்டை முதலில் எழுதிவிடுகிறேன். கக்கூசுக்குள் தாழ் போட்டுக்கொண்டு மண்ணெண்ணெயில் கை கழுவினேன். ஐம்பதைத் தொடப்போகிற பொம்பளை செய்கிற வேலையா இது.

காரணம் அட்டை. மழை நாளில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது பின்கழுத்தில் அட்டை ஏறினால் நமக்குத் தெரியாது. பக்கத்துச் செடி வரிசையில் நிற்கிற நிரைக்காரிதான் பிடுங்கிப் போடவேண்டும். சனிக்கிழமை என் பக்கத்து நிரைச் செல்வியின் கழுத்தில் ஒன்று, ரத்தம் குடித்து உருண்டு கிடந்தது. "இவனுக்கு உன்மேல ஆசைடி" என்று பிடுங்கிக் கையிலேயே நசுக்கினேன். கொழுந்து கிள்ளிக் கிள்ளி என் விரலெல்லாம் வெடிப்பு. அதில் செல்வியின் ரத்தம். துடைத்துவிட்டு மறந்தும் போனேன்.

இன்றைக்குக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் ராசம்மா காதைக் கடிக்கிறாள்: "செல்வி குவைத்துல இருந்து வந்தப்புறம் மாசா மாசம் பதுளை ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போறாளே, என்னாத்துக்குன்னு நெனைக்கிறீங்க? எச்.ஐ.வி.யாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான்."

எல்லாரும் என்றால் ராசம்மா.

வாங்க: சவர்க்காரம், தீப்பெட்டி, கருவாடு.

நவ. 5, செவ்வாய்

மழை விட்டபாடில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். ஊரையெல்லாம் கேலி பண்ணியதற்குத் தண்டனை, நான் அழுதாலும் நம்ப ஆளில்லை.

"அந்த அட்டை ஒன் ரத்தத்தக் குடிச்சிருந்தா இந்நேரம் வாயாடிக்கிட்டுத் திரியும்" என்கிறார். சிரிப்பு வேறு. தட்டைத் தொம்மென்று வைத்தேன்.

மலையில் நிரை மாற்றிக்கொண்டேன். மேட்டில் ஏறினால் முதுகு வலி என்று கங்காணியிடம் பொய். செல்வி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் கழுத்தில் அட்டை. ரத்தம் ரவிக்கை வரை இறங்கிவிட்டது. எல்லாப் பொம்பளைகளும் பார்த்தோம். ஒருத்தியும் போகவில்லை. நானும்தான்.

தேத்தண்ணி நேரத்தில் செல்வி தனியாக உட்கார்ந்து குடித்தாள்.

சீ, என்ன பிழைப்பு.

நவ. 6, புதன்

பொறுக்கவில்லை. லயத்து வீடுகளுக்கு வந்த மிட்வைஃப் மிஸ்ஸியைப் பிடித்துக்கொண்டேன். சிங்களப் பிள்ளை, தமிழ் நன்றாகப் பேசும்.

"ஒருத்திக்குன்னு வைங்க மிஸ்ஸி..." என்று தொடங்கினேன்.

"அந்த ஒருத்தி கையில மண்ணெண்ணெய் வாசம் அடிக்குதே அக்கா."

எல்லாம் சொல்லவேண்டியதாயிற்று.

"அட்டையால அது வராது. வெரல்ல அந்தளவு ரத்தம் பட்டதுக்குப் பயப்படவும் வேணாம். சோப்பு, தண்ணி போதும். மனசு கேக்கலேன்னா பெரிய ஆஸ்பத்திரியில ரகசியமா டெஸ்ட் பண்ணலாம், காசு கேக்க மாட்டாங்க."

"ஒன்னா சாப்பிட்டா?"

"வராது."

"தொட்டா?"

"வராதுக்கா!"

"சரி, செல்விக்கு இருக்கா இல்லையா?"

மிஸ்ஸியின் முகம் மாறிவிட்டது. "நாளைக்கு ராசம்மா வந்து ஒங்களப் பத்திக் கேட்டா சொல்லட்டுமா?"

"வேணாம் தாயி" என்று கும்பிடு போட்டேன். அபூர்வம்.

இவ்வளவுதானா விஷயம்? இதற்கா தூக்கம் போச்சு? யார்மேல் எரிந்து விழுவது என்றே தெரியவில்லை. விரல் தோல் உரிகிறது. கருவாடு வாங்க மறந்தாச்சு. வீட்டுக்காரர் அதற்கு வேறு கத்துகிறார்.

நவ. 7, வியாழன்

மூட்டம். பழைய நிரைக்கே போனேன்.

"முதுகு வலி போயிருச்சாக்கா?" செல்விதான், நிமிராமல்.

"முதுகுக்கு ஒன்னுமில்லடி. புத்திக்குத்தான் சுளுக்கு."

"மாத்திரை எதுக்குன்னு கேக்காதீங்க. நான் சொல்லப் போறதில்ல."

"நான் எங்கடி கேட்டேன்? கழுத்தக் காட்டு."

இருந்தது ஒன்று. பிடுங்கி எறிந்தேன். அவள் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா, நான் எட்டிப் பார்க்கவில்லை.

தேத்தண்ணி நேரம். எல்லோரும் பார்க்கட்டும் என்று அவளை ஒட்டி உட்கார்ந்தேன். "ரொட்டி குடுடி. ஊட்டியே விடு" என்றேன், மலைக்கே கேட்கிற மாதிரி. ராசம்மா வாயைப் பிளந்தாள். செல்வி ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு நீட்டினாள். நான் கவ்விய வேகத்தில் அவள் விரலும் சேர்ந்து வந்தது. நன்றாகவே கடித்துவிட்டேன். ரத்தம். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வாயில் ரொட்டி இருந்தது. விழுங்கினேன்.