ஐந்து கழித்த காற்று

செப்டம்பர் 30

என் வீட்டுக்காரரோடு கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் மதியம் வந்தார். மகளுக்கு மாதம் நிறைந்திருப்பதைக் கேள்விப்பட்டுப் பை நிறையப் பழத்தோடு வந்திருந்தார். காபி குடித்துக்கொண்டே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க அண்ணி. உங்க பேரு போட்ட அறிக்கை வந்தா, கேப்டன் காத்து வேகத்துல அஞ்சு நாட் கழிச்சுட்டுத்தான் பாதையே போடுவாரு. நீங்க முப்பதுன்னா எங்களுக்கு இருபத்தஞ்சு. கப்பல் முழுக்கத் தெரிஞ்ச விஷயமாச்சே!"

எனக்குத் தெரியாதே! கடல் வானிலை அறிக்கை எழுதுவதுதான் என் பிழைப்பு. ஒவ்வொன்றின் அடியிலும் எழுதியவர் பெயர் போடுவது எங்கள் அலுவலக வழக்கம். அந்தப் பெயரைப் பார்த்ததும் என் புருஷனே தள்ளுபடி போட்டுப் படித்திருக்கிறார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்க அங்கிள், இங்கயே பொறந்துடப் போகுது" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் போன பிறகு ஆத்திரமாக வந்தது.

அக்டோபர் 1

யோசித்துப் பார்த்தால் இதை ஆரம்பித்து வைத்தவரே அவர்தான்.

நான் வேலையில் சேர்ந்த புதிது. ஒருநாள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் இளம் கப்பல் அதிகாரி உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை முழுக்கக் காபிக் கறை, கையில் உடைந்த தட்டு. "'லேசான அலை'ன்னு எழுதின மகராசன் யாருங்க இங்க?"

"மகராசி" என்றேன்.

வந்த வேகம் அப்படியே அடங்கிவிட்டது. கப்பல் சமையலறையில் ஒரு தட்டுகூட மிச்சமில்லை என்று முணுமுணுத்துவிட்டு, கையிலிருந்ததை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அதைத் திரும்ப வாங்க வந்தார். உடைந்த தட்டை யாராவது திரும்ப வாங்குவார்களா? அலுவலகத்தில் எல்லோருக்கும் உடனே புரிந்துவிட்டது. மரமண்டை, எனக்குத்தான் ஒரு வாரம் ஆனது.

அன்றிலிருந்து, கணக்கு இருபத்தைந்து முதல் முப்பது என்று வந்தால் முப்பது என்றே எழுதிவிடுவேன். கூடவே 'மிகுந்த கவனம் தேவை' என்று ஒரு வால். கடலில் இருப்பது அவரல்லவா, கை தானாகக் கூட்டியது. நான் கூட்டுகிறேன் என்று அவர் கழித்திருக்கிறார். நல்ல குடும்பம், பல்கலைக்கழகம்!

அக்டோபர் 4

தெற்கே ஒரு தாழ்வுப் பகுதி. மேகப் படத்தில் இன்னும் உருவம் கூடவில்லை, சும்மா பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல் கிடக்கிறது.

மாலையில் அவர் கப்பலிலிருந்து போனில் பேசினார். இதுதான் கடைசிப் பயணம். மகள் பிறந்தபோது அவர் நடுக்கடலில் இருந்தார். செய்தி போய்ச் சேரவே நாளானது. அதனால் பேரக்குழந்தை பிறக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன் என்று மகளிடம் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுப் போயிருக்கிறார். "குறுக்குப் பாதையில வந்தா நேரத்துக்கு வந்துடுவேன். பொறுத்துக்கச் சொல்லு, பேரப்புள்ளைகிட்டயும் சொல்லு" என்றார்.

தாழ்வுப் பகுதியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. போனில் வானிலை பேசக்கூடாது என்பது கல்யாணமான புதிதில் அவர் போட்ட சட்டம். "எனக்கு மட்டும் முன்னாடியே சொல்லிட்டா, பக்கத்துக் கப்பல்காரன் பொண்டாட்டி என்ன பாவம் பண்ணா?" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே இவரைக் கட்டிக்கொண்டது வீண்போகவில்லை என்று நினைத்திருக்கிறேன்.

அக்டோபர் 6

தாழ்வு மண்டலமாகிவிட்டது. நேராகக் குறுக்குப் பாதையின்மேல்.

மிதவைக் கருவிகள், கப்பல்கள் அனுப்பிய அளவுகள், கணினி என்று எல்லாவற்றையும் உருட்டிப் பார்த்தாயிற்று. நாளை மறுநாள் அங்கே காற்று நாற்பத்தைந்து. அவருடைய கிழட்டுக் கப்பல் நாற்பது வரை தாங்கும், அதற்குமேல் தாங்காது என்று அவரே சொல்லியிருக்கிறார். நான் நாற்பத்தைந்து என்று எழுதினால் அவர் நாற்பது என்று படிப்பார். படித்துவிட்டு நேரே உள்ளே வருவார் — மகளுக்குச் சத்தியம் செய்திருக்கிறாரே.

ஐம்பது என்று எழுதினால்? கழித்தால் நாற்பத்தைந்து. சுற்றிப் போவார், தப்பித்துவிடுவார். ஆனால் ஐம்பது பொய். என் அறிக்கையை நம்பி எத்தனை படகு கரையேறும், எத்தனை பேர் வீட்டில் அடுப்பு அணையும்? அடுத்த முறை நான் நிஜமாகவே ஐம்பது எழுதினால் எவன் நம்புவான்?

பக்கத்து மேசைக்காரர், வெயில் நாளிலும் குடையோடு வருவதால் 'குடை' என்று பெயர் வாங்கியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேணும்னா நாளைக்கு நான் எழுதி என் பேரப் போட்டுடறேன்மா. எனக்கு யாரும் கழிக்க மாட்டாங்க."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் என் முறை, என் கணக்கு. அடுத்தவர் பெயருக்குப் பின்னால் எப்படி ஒளிந்துகொள்வது? ஐயோ, எழுதத் தெரிந்த கைக்கு இப்படியும் ஒரு சோதனையா.

அக்டோபர் 7

எழுதிவிட்டேன். "காற்று நாற்பத்தைந்து நாட். அலை ஆறு மீட்டர்." அவ்வளவுதான். கவனம் தேவை என்றோ தவிர்க்கவும் என்றோ ஒரு வாலும் வைக்கவில்லை. கூட ஒரு சொல் சேர்த்தாலும் அது பெண்டாட்டி சொல்லாகிவிடும் என்று பட்டது. அடியில் என் பெயர்.

போனை எடுத்து 'கழிக்காதீங்க' என்று டைப் செய்தேன். அழித்தேன். திரும்ப டைப் செய்து திரும்ப அழித்தேன்.

அக்டோபர் 8

கப்பல் இருக்கும் இடம் காட்டும் திரையில் அவருடைய புள்ளி, இரண்டு பாதையும் பிரிகிற இடத்திலேயே நிற்கிறது. அதற்குப் பிறகு தகவல் இல்லை.

அக்டோபர் 9

விடியற்காலை மகளுக்கு வலி கண்டது. பெண் குழந்தை. இருவரும் நலம். மருமகன் அழுகிறான், குழந்தை அழவில்லை, முறைத்துப் பார்க்கிறது. அப்படியே தாத்தா.

மகள் கண்ணைத் திறந்ததும், "அப்பா எங்கம்மா?" என்றாள். வந்துகொண்டிருக்கிறார் என்றேன். அதற்குமேல் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

பத்து மணிக்குக் குடை போன் செய்தார். குறுக்குப் பாதையில் ஒரு சரக்குக் கப்பல் பாதிப் பெட்டிகளைக் கடலில் பறிகொடுத்துவிட்டு, இயந்திரம் நின்று தத்தளிக்கிறதாம். எந்தக் கப்பல் என்று தெரியவில்லையாம். மிதவை காட்டிய காற்று நாற்பத்தாறு.

சாமி... எனக்கு ஏன் எழுதத் தெரிந்தது? ஐம்பதுன்னு எழுதித் தொலச்சிருந்தா என்னடி குறைஞ்சுபோயிருக்கும்? உன் நேர்மையக் கொண்டுபோய் உப்புத் தண்ணில கரை.

மதியம் அவரே பேசினார். கரகரப்பாக, விட்டு விட்டு. "நான் சுத்தித்தான் வர்றேன். பொண்ணா பையனா?"

போனை அப்படியே மகள் கையில் திணித்துவிட்டேன்.

அக்டோபர் 13

வந்துவிட்டார். இளைத்துப்போய், மேலெல்லாம் டீசல் வாடையோடு.

"நான் பொறந்தப்பவும் நீங்க இல்ல, இவ பொறந்தப்பவும் இல்ல" என்று மகள் மூக்கை உறிஞ்சினாள்.

"ரெண்டு தடவையும் காத்து எழுதினது உங்கம்மாதான். அவளக் கேளு."

அடுக்களையில் தனியாக மாட்டினார். ஏன் கழிக்கவில்லை என்று கேட்டேன். யார் சொன்னது என்று திருதிருவென விழித்தார். பிறகு சொன்னார்: "கழிச்சுத்தான் பாத்தேன், நாப்பது வந்துச்சு. போயிடலாம்னு பாதையும் போட்டாச்சு. திரும்ப உன் அறிக்கையப் படிச்சேன். ஜாக்கிரதை கீக்கிரதைன்னு ஒண்ணுமே இல்ல. நீ கத்துறப்ப நான் என்னைக்குடி பயந்திருக்கேன்? நீ வாய மூடிக்கிட்டாதான் எனக்கு வயித்தக் கலக்கும்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

அக்டோபர் 20

இன்றுதான் மறுபடி வேலைக்குப் போனேன். காற்று பத்து முதல் பதினைந்து. அலை லேசானது. பெயர் போடும்போது உறைத்தது, இன்று கடலில் எனக்கென்று யாரும் இல்லை. எல்லாக் கப்பலுக்கும் எழுதுவதாக நினைத்துக்கொண்டு இத்தனை காலமும் ஒரே ஆளுக்குத்தான் எழுதியிருக்கிறேன் போலிருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் மேசையில் தலை வைத்து அழுதேன். குடை எழுந்துபோய் ஜன்னலைப் பார்த்தபடி நின்றுகொண்டார், நல்ல மனிதர்.

வீட்டிலிருந்து அவர் போன் செய்தார். "பாப்பா துணியெல்லாம் தொவச்சுட்டேன். வெளிய காயப் போடவா? மழ வருமா?"

"மத்தியானத்துக்கு மேல வரும். அதுக்கு முன்னாடி எடுத்துடுங்க."

"சரி" என்று வைத்துவிட்டார்.